ஆளுக்கேற்ற ஆசனம்

போர் விமானம் ஓட்டத் துணிவும் அறிவும் மட்டும் போதா. உடலளவும் பொருந்த வேண்டும். குட்டையானவரின் கால் மிதிகளுக்கு எட்டாது. ஆபத்தில் ஆசனத்தோடு வெளியே வீசப்படுகையில், மிக நெடியவரின் முழங்கால் எதிரேயுள்ள பலகையில் மோதும்.

ஆனால், யாருடைய அளவுக்கு ஆசனம் செய்வது? 1950இல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் இளம் அதிகாரி, அவற்றுள் பத்து அளவுகளை ஆராய்ந்தார். பத்திலும் சராசரியை ஒட்டி அமைந்தவர் ஒருவர்கூட இல்லை! அதன் பயனாக, ஆளுக்கேற்பச் சரிசெய்யத்தக்க ஆசனங்களும் மிதிகளும் வந்தன.

ஆயினும் எடை குறைந்தோரின் இடர் தீரவில்லை. வெளியே வீசப்படுகையில் கழுத்தில் கடுங்காயம் நேரலாம் என அஞ்சி, 2015இல் எஃப்-35 விமானத்தை ஓட்ட 136 பவுண்டுக்கு, அதாவது சுமார் 62 கிலோவுக்குக் குறைந்தோருக்குத் தடை விதித்தனர். தலைக்கவசத்தின் எடையைக் குறைத்து, ஆசனத்தையும் திருத்திய பின், 2017இல் தடை நீங்கிற்று. பெண்களையே பெரிதும் ஒதுக்கி வந்த 5 அடி 4 அங்குலக் குறைந்தபட்ச உயர விதியையும் விமானப்படை 2020இல் கைவிட்டது. இப்போது ஒவ்வொருவரின் அளவும் தனித்தனியே பார்க்கப்படுகிறது.

பொருந்தவில்லை என்று ஒருவரை விலக்குமுன், ஆசனத்தைத் திருத்த இயலுமா என்று பாருங்கள். நம் வீட்டுக்கும் பள்ளிக்கும் இது பொருந்தும் அல்லவா?