முதலில் புகை நிற்கட்டும்

கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைக்க வழிசெய்யும் சட்டம் 2025இல் மலேசிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியதிலிருந்து, புகையைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தாலே "அதான் பிடித்து வைத்துவிடலாமே" என்ற பதில் வந்து விழுகிறது. கேட்கும்போதெல்லாம் மனம் ஜொகூரின் சுங்கை பூலாய் கழிமுகத்துக்குப் போய்விடுகிறது. 2003இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த கண்டல் காடு அங்கே இருக்கிறது. அங்குள்ள பக்காவ் என்னும் கண்டல் மரத்தின் காய் கிளையிலேயே முளைவிட்டு, பச்சைக் குச்சியாகத் தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர்பிடிக்கும். காற்றின் கரியை உறிஞ்சிச் சேற்றில் புதைப்பதில் அந்தக் காட்டுக்கு இணை அரிது. அதே கழிமுகத்தை ஒட்டித்தான் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையமும் நிற்கிறது. திறன் 3,100 மெகாவாட். மரம் ஆண்டுக்கணக்கில் சேர்க்க, கொதிகலன் இரவும் பகலும் கக்குகிறது. அதே மாநிலத்தின் கூலாய், செடெனாக் பக்கம் தரவு மையங்கள் பெருகப் பெருக மின்சாரத் தேவையும் ஏறுகிறது. காட்டைக் காக்கத்தான் வேண்டும். சிமெண்டு போன்ற தொழில்களுக்கு வாயுவைப் பிடிக்கும் நுட்பமும் தேவைப்படும். ஆனால் அந்த நம்பிக்கையைக் காட்டி நிலக்கரியின் ஆயுளை ஓராண்டு நீட்டினாலும் அது ஏமாற்று வேலை. தரவு மையத்துக்கு அனுமதி தரும் மேசையிலேயே, புகையில்லா மின்சாரம் எங்கிருந்து வரும் என்று மாநில அரசு கேட்டாக வேண்டும்.