இரண்டு வாரச் சேவைக்கு வெளிநாடு போகுமுன்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ, "லீவு போட்டு வெளிநாடு போய், மாற்றுத்திறனாளிச் சிறுமிகள் இல்லத்தில் இரண்டு வாரம் சேவை செய்கிறேன்" என்று கேட்டால் நமக்கு மறுக்க மனம் வராது. யத்தீம்களை ஆதரிப்பதன் நன்மையைச் சொல்லி வளர்த்தவர்கள் நாம்தானே!

ஆனால் நேபாளத்தில் நடந்ததையும் கவனிக்க வேண்டும். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, கட்டணம் செலுத்தி வரும் தொண்டர்களையும் நன்கொடையாளர்களையும் ஈர்ப்பதற்காகவே பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு இல்லங்களில் சேர்க்கப்படுவதாக யுனிசெஃப் எச்சரித்தது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையும் இத்தகைய தொண்டுப் பயணங்களின் தீங்கைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

மாற்றுத்திறனாளிச் சிறுமிகள் விஷயத்தில் ஆபத்து இன்னும் அதிகம். பேச இயலாத ஒரு பிள்ளையைக் குளிப்பாட்ட, உடை மாற்ற இரண்டு வாரத்துக்கு ஒரு புது ஆள் வருகிறார். அவர்களில் ஒருவர் தவறாக நடந்தால் அவள் யாரிடம் சொல்வாள்? பாசம் காட்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டே இருப்பது அதற்கு மேல் ஒரு காயம். பிறகு அந்தப் புகைப்படங்கள்! பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் படத்தை வெளியிடுவதை நம் நாட்டின் 2015 இளைஞர் நீதிச் சட்டமே தடுக்கிறது.

பிசியோதெரபி, சிறப்புக் கல்வி படித்தவர்கள் போய் அங்குள்ள ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது வேறு விஷயம். மற்றவர்கள் டிக்கெட் பணத்தை நம் பகுதியிலேயே செலவிடலாம். கடும் பாதிப்புள்ளோருக்குத் தமிழக அரசு தரும் மாத உதவி 2,000 ரூபாய்; சிகிச்சைக்குப் போய்வரும் ஆட்டோவுக்கே அது பத்தாது. அந்தச் செலவை ஏற்றால் ஒரு சிறுமி தாயுடனேயே இருப்பாள்.

அப்படியும் போவதென்றால், இல்லத்திடம் முதலில் கேளுங்கள்: இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே? சென்ற வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்?