சந்தா கேட்கப் போன இரவு

சென்ற ஞாயிறன்று செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது, ஜெர்மனியிலிருந்து வந்த கடிதம் நினைவுக்கு வந்தது. பழைய மாணாக்கன், "பேச ஒரு தமிழ் முகமில்லை, ஐயா. திரும்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறான்.

முகம் தானாகக் கதவைத் தட்டுமா? 1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸை ஆரம்பித்த காந்திஜி, ஊர் ஊராகச் சென்று சந்தா சேர்த்தார். (மாதம் ஐந்து ஷில்லிங், ஒப்பந்தக் கூலிகளுக்கு எட்டாத தொகைதான்.) டோங்காட்டில் விருந்தளிக்க வந்த வியாபாரி மூன்று பவுனுக்கு மேல் அசையவில்லை, இவர்களோ ஆறு பவுன் வராமல் இலையில் உட்காருவதில்லை என்றார்கள். பசியோடு இராப்பொழுது முழுவதும் பேச்சு! விடியும் வேளையில் ஆறு பவுனும் வந்தது, விருந்தும் நடந்தது.

இதைப் பையனுக்கு எழுதிவிட்டேன். கூடவே அவன் தாயார் கொடுத்த மாவடு ஜாடியும் போகிறது. யார் வீட்டுக் கதவையாவது தட்டும்போது உதவும்.