பாறை மனையில் ஒரு ‘போச்சே’!

“மயிலத்தில் மனை வாங்கி வீடு கட்டினோம். காலையில் எழுந்ததும் முருகன் மலை கண்ணில் படுகிறது. அதில் குறை இல்லை. ஆனால் மனையில் பாதி வெறும் பாறை. கடப்பாரை போட்டால் நெருப்புப் பொறிதான் பறக்கிறது. ஒரு மல்லிகைக் கொடி வைக்க வழியில்லை. வெடி வைத்துத் தகர்த்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா, வெடி வேண்டாம்! லைசென்ஸ் இல்லாதவர் வெடிமருந்தைத் தொடுவதே சட்டப்படி குற்றம். லைசென்ஸ் உள்ளவரே வந்து வைத்தாலும், புது வீட்டுச் சுவரும் பக்கத்து வீட்டுக் கிணறும் விரிசல் கண்டால் யார் பொறுப்பு? இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பாறையின் மேலேயே தங்கள் குடும்பம் முழுவதும் விளையாடலாம்!

இத்தாலி தேசத்தில் ஒரு பந்தாட்டம் இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ‘போச்சே’! பால் பொங்கி வழிந்தால் நாம் சொல்கிறோமே, அதே சொல்தான். இத்தாலியர்களுக்கு அது பந்துகளைக் குறிக்கும். முதலில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சிறு பந்தை உருட்டி விடுவார்கள். பிறகு கட்சிக்கு நான்கு பெரிய பந்துகள். ஒவ்வொன்றும் நாலேகால் அங்குலக் குறுக்களவு, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. யாருடைய பந்து சிறு பந்துக்கு மிக அருகில் போய் நிற்கிறதோ, அவர்களுக்குப் புள்ளி. அவ்வளவுதான் ஆட்டம்!

இதென்ன சீமைச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். மயிலத்திலிருந்து பஸ் ஏறினால் புதுச்சேரி; அங்கே இதன் தங்கையைப் பார்க்கலாம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைப் புதுவையில் ‘சொல்தா’ என்பார்கள். அவர்களும் மற்றவர்களும் மாலை வேளைகளில் இரும்புக் குண்டுகளை வீசி ஆடும் ‘பெத்தாங்’தான் அது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் இந்த ஆட்டம் போகவில்லை.

பெத்தாங் பிறந்த கதையும் கேட்கத் தக்கது. தென் பிரான்ஸில் லா சியோதா என்ற ஊரில், 1907-ஆம் வருஷ வாக்கில், ழூல் லெநுவார் என்ற ஆட்டக்காரர் இருந்தார். மூட்டு வாதம் வந்து அவரால் ஓட முடியாமல் போயிற்று. அதுவரை நாலடி ஓடி வந்துதான் குண்டை வீச வேண்டும். அவருக்காக நண்பர்கள் விதியை மாற்றினார்கள்: நின்ற இடத்திலேயே, இரண்டு பாதமும் தரையில் ஊன்றி வீசலாம். முடியாதவர் ஒருவருக்காகச் செய்த மாற்றம் எல்லோருக்குமான விளையாட்டாகிவிட்டது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கிரிக்கெட் பையன்களுக்கு. காலை நடை வீட்டுக்காரருக்கு. பாண்டியும் கல்லாங்காயும் ஆடிய பெண், கல்யாணமான பிறகு கடைசியாக எப்போது விளையாடினாள்? யோசித்துப் பாருங்கள்! முழங்கால் வலிக்காரப் பாட்டி திண்ணையோடு சரி. மூளை வளர்ச்சி சற்று மெதுவாக உள்ள குழந்தை இருந்தாலோ, தெருப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். அந்தத் தாயின் மனம் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக நடத்தப்படும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் போச்சேயும் ஒன்று. நம் தேசத்திலும் அதற்குப் பயிற்சி தருகிறார்கள். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், மோதிக்கொள்ள வேண்டாம். புடவையோடு ஆடலாம்!

இனி வேலைக்கு வருவோம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஆடுகளத்தின் அளவு 60 அடிக்கு 12 அடி. வீட்டுக்கு அதுவே தாராளம். இடம் குறைந்தால் 50 அடியும் போதும். சரிவான பாறையில் களத்தின் நீளம் சரிவுக்குக் குறுக்கே போகட்டும்; மேலிருந்து கீழாக வைத்தால் ஒரு கோடியில் ஆள் உயரச் சுவர் எழுப்ப நேரிடும். தென்வடலாக அமைந்தால் மாலை வெயில் கண்ணில் அடிக்காது.

பாறையைத் தோண்டாதீர்கள், அதன் மேல் கட்டுங்கள். மற்றவர்கள் செலவு செய்து போடும் அஸ்திவாரம் தங்களுக்கு இலவசமாக வாய்த்திருக்கிறது. துருத்திக்கொண்டிருக்கும் மேடுகளை மட்டும் கல்தச்சரைக் கொண்டு உளியும் சம்மட்டியும் வைத்துத் தட்டி எடுத்தால் போதும். நான்கு ஓரத்திலும் பாறை மேலேயே கருங்கல்லாலோ செங்கல்லாலோ சிமெண்டு வைத்துக் குட்டைச் சுவர் எழுப்புங்கள். வேலை முடிந்ததும் களத்துக்கு மேல் எட்டு அங்குலம் தெரிய வேண்டும்.

மழையை மறக்கக் கூடாது. பாறை தண்ணீரைக் குடிக்காது. ஐப்பசியில் களம் குளமாகிவிடும். ஆகவே தாழ்ந்த பக்கச் சுவரின் அடியில் ஆறடிக்கு ஒன்றாகத் துளை விட்டு, கல்தூள் கரைந்து ஓடாமல் வலையும் சிறு ஜல்லியும் வைத்து அடையுங்கள். களமும் அந்தப் பக்கம் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும். வழியும் நீரை அங்கே தொட்டி போலக் கட்டி மண் நிரப்பிய இடத்துக்குத் திருப்பினால், சகோதரி கேட்ட மல்லிகைக் கொடிக்கும் வழி பிறந்துவிடும்!

பள்ளங்களை உடைகல்லும் கிராவலும் போட்டு நிரப்புங்கள். தோட்ட மண் உதவாது, மழைக்கு அமுங்கிவிடும். அதன் மேல் மூன்று அங்குலம் முக்கால் ஜல்லி. இதற்கு ஏறக்குறைய இரண்டு யூனிட் ஆகும். (யூனிட் என்றால் நூறு கன அடி.) அதன் மேல் கால் அங்குலச் சிப்ஸும் கல்தூளும் கலந்து இரண்டு அங்குலம், அமுங்குவதற்கும் சேர்த்து ஒன்றரை யூனிட் வாங்குங்கள். கடைசியில் சலித்த கல்தூள் அரை அங்குலம். ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து, திமிசுக்கட்டையாலோ ரோலராலோ கெட்டிப்படுத்திய பிறகே அடுத்ததைப் போட வேண்டும். குதிகாலை ஊன்றித் திருகினால் பள்ளம் விழக் கூடாது, அதுதான் பரீட்சை.

ஆற்று மணல் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. அது உருண்டை உருண்டையானது; ஒன்றோடொன்று பிடிக்காது. உடைத்த கல்லுக்குத்தான் முனைகள் உண்டு, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ‘எம் சாண்ட்’ என்று கழுவிய மணலைத் தருவார்கள். அதில் மாவு போய்விட்டிருக்கும். கழுவாத கிரஷர் தூளே வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள். திருவக்கரைப் பக்கம் குவாரிகள் இருப்பதால் வண்டிச் சத்தம் அதிகம் ஆகாது; அனுமதி பெற்ற இடத்தில் வாங்குங்கள். அதே திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி வருஷத்துக் கல்மரங்கள் இருக்கின்றன. அழகுக்காக யாராவது ஒரு துண்டு கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். அவை நாட்டின் சொத்து.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கல்தூள் நுரையீரலுக்குச் சத்துரு. குவாரித் தொழிலாளிகளை வாட்டும் சிலிக்கோசிஸ் என்ற வியாதி இந்தத் தூளைச் சுவாசிப்பதால்தான் வருகிறது. வண்டியிலிருந்து கொட்டும்போதே தண்ணீர் தெளியுங்கள். பரப்பும் ஆட்களுக்கும் பாறையைத் தட்டும் கல்தச்சருக்கும் நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். கூலியோடு அதுவும் நம் கடமை. வேலை முடியும் வரை குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம். பிறகும், வறண்ட நாட்களில் ஆட்டத்துக்கு முன் வாசல் தெளிப்பது போலக் களத்திலும் நீர் தெளித்துவிடுங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை களத்தைக் கீறிச் சமன் செய்து, குறைந்த இடத்தில் தூள் போட்டுத் திமிசு போட்டால் அடுத்த வருஷம் வரை கவலை இல்லை.

விதிகளை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். லா சியோதாவிலேயே மாற்றினார்களே! பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து உருட்டட்டும். குழந்தை இரண்டடி முன்னே வந்து போடட்டும். ஒரே ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்: தோற்றவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் காபி போட வேண்டும். வீட்டுக்காரரானாலும் சரி!