பிசிக்ஸ் படிக்கட்டுமா, சித்தி?

போன ஞாயிறு தஞ்சோங் டாவாயில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். "படிவம் ஆறு முடிச்சிட்டு பிசிக்ஸ்தான் படிப்பேன்னு நிக்கிறா. நீ ரேடியோவுல ஊருக்கே பேசுற, இவகிட்ட கொஞ்சம் பேசேன்." மகள் கணக்கியல் படித்து ஒரு வங்கியில் உட்கார வேண்டும் என்பது அக்காவின் கணக்கு.

நானோ ஊடகப் பட்டதாரி. பள்ளியில் பிசிக்ஸைக் கண்டு ஓடியவள். இருந்தாலும் அவளை அழைத்துக்கொண்டு படகேறி, ஆற்றைக் கடந்து பந்தாய் மெர்டேக்காவில் இறங்கினேன். "அப்படி என்னதான் இருக்கு அதுல?" அவள் சொன்ன பதில், 'டோப்பாலஜிக்கல் செமிமெட்டல்'. இதைத் தடுமாறாமல் வானொலியில் சொல்ல எனக்கு நாலு ஒத்திகை வேண்டும்!

செம்பில் எலெக்ட்ரான் தாராளமாக ஓடும்; ரப்பரில் ஓடாது. ரப்பரில், எலெக்ட்ரான் நிரம்பிய ஆற்றல் பட்டைக்கும் காலிப் பட்டைக்கும் நடுவே பெரிய இடைவெளி. இரண்டும் ஏதோ ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டால் அது செமிமெட்டல். பென்சில் கரியின் ஒற்றை அணு ஏடான கிராஃபீன் அப்படித்தான் என்று, கனடாவின் பிலிப் வாலஸ் 1947இலேயே காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். அந்த ஏட்டை மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் உரித்தெடுத்தது 2004இல். 2010இல் நோபல் பரிசு.

அதிலும் ஒரு குறை. எலெக்ட்ரானின் சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிட்டால், தொடும் புள்ளியில் மிகச் சிறிய இடைவெளி விழுகிறது என்று 2005இல் கேனும் மெலேயும் காட்டினார்கள். அப்படியானால், பிரிக்கவே முடியாத தொடுகை ஒற்றை ஏட்டில் உண்டா?

"திரும்பிப் பாருங்க, சித்தி" என்றாள். ஈர மணலில் எங்கள் கால்தடங்கள். வலது தடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, ஓர் எட்டு முன்னே தள்ளினால் இடது தடத்தின்மேல் போய் உட்காரும். அணுக்கள் இப்படிப்பட்ட ஒழுங்கில் அமைந்தால் பட்டைகள் தொட்டே ஆக வேண்டும். ஒழுங்கு கலையாதவரை பிரிக்க முடியாது. இந்த வகை ஒழுங்குகளை வைத்துத்தான், அப்படிப்பட்ட ஏடுகள் இருக்க முடியும் என்று 2015இல் யங்கும் கேனும் எழுதினார்கள்.

ஆனால், தொடுகை எலெக்ட்ரான் நிரம்பும் மட்டத்திலேயே விழ வேண்டும், ஏடும் உடையாமல் நிற்க வேண்டும். அதைப் பொருள் பொருளாகக் கணினியில் போட்டு, பிறகு ஆய்வகத்தில் செய்து பார்க்க வேண்டும். கணிப்பு இடம் மாறுவதும் உண்டு. இந்தியாவில் படித்த அஸ்வின் விஸ்வநாத்தின் குழு 2011இல் இரிடியம் கலந்த சேர்மங்களில் ஒரு வகைச் செமிமெட்டலைக் கணித்தது. அந்த வகை 2015இல் பிடிபட்டதோ டான்டலம் ஆர்சனைடில். கடலோடிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"வேலை?" என்றேன், அக்காவின் குரலில். "தெரியல சித்தி. ஆனா இதுதான் புரியுது எனக்கு."

கரை திரும்பியதும் அக்கா கேட்டார், "பேசினியா?"

"அவதான்க்கா பேசினா."

அக்கா பதில் சொல்லவில்லை. நெத்திலிப் பையை என் கையில் கொடுத்துவிட்டுக் காருக்கு நடந்தார். விண்ணப்பத்தின் முதல் தேர்வு இன்னும் காலியாக இருக்கிறது. இந்த ஞாயிறும் நான் கெடாவுக்குப் போகிறேன்.