நோய்க்கு அருகிலா, விடைக்கு அருகிலா?

மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இது எந்த நோய்க்கு உதவும்? நோயாளியின் திசுவை ஆராய்கிறவர் இந்தக் கேள்வியை எளிதில் தாண்டிவிடுவார். ரொட்டி மாவை உப்பவைக்கும், கள்ளை நுரைக்கவைக்கும் ஈஸ்ட்டை ஆராய்கிறவர் அங்கேயே தடுக்கி நிற்பார். செலவாவது மக்கள் பணம் என்பதால் கேள்வியும் நியாயமாகவே தெரிகிறது. ஆனாலும் அது பிழையான அளவுகோல். ஓர் ஆராய்ச்சி நோய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைவிட, தெளிவான ஒரு விடைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒரு செல் எப்படி இரண்டாகிறது என்பதை மனிதர்கள் கண்டறிந்த வரலாற்றைவிட இதற்கு வலுவான சான்று வேண்டியதில்லை.

பிரியக் கூடாத நேரத்திலும் பிரிந்துகொண்டே போகும் செல்களின் நோய் புற்றுநோய். 1971 டிசம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டு, ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை கிடைக்க வழிசெய்தார். ஆனால், ஒரு செல்லைப் பிரியவைப்பது எது என்பது அன்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே, அமெரிக்க மரபியலாளர் லீலண்ட் ஹார்ட்வெல் இந்தக் கேள்வியைப் பாலூட்டிகளின் செல்களில்தான் ஆராய விரும்பினார். அவற்றில் எந்த மரபணு என்ன செய்கிறது என்று பிரித்தறிய அன்றைக்கு வழியில்லை. அதனால் ஈஸ்ட்டுக்கு மாறினார். ரொட்டி ஈஸ்ட் மொட்டுவிட்டுப் பெருகும் உயிரி. டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கும் வேளையில் தாய்ச்செல்லின் ஓரத்தில் சிறு மொட்டு ஒன்று எழும்பும். செல் அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போகப் போக மொட்டும் பெரிதாகும். ஆகவே, மொட்டின் அளவைப் பார்த்தாலே அந்தச் செல் பிரிதலின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தவிர, ஈஸ்ட் ஒவ்வொரு குரோமோசோமின் ஒரே ஒரு பிரதியோடு வாழக்கூடியது. ஒரு மரபணு பழுதானால் அதை மூடிமறைக்க இன்னொரு பிரதி இருக்காது. நோயிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தாலும், கேட்ட கேள்விக்குக் கண்ணால் காணக்கூடிய பதிலை அந்த உயிரி தந்தது.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் குழு செய்த சோதனை எளிமையானது. மரபணுக்களில் பழுது ஏற்படுத்திய ஈஸ்ட்டை 23 டிகிரி செல்சியஸில் வளர்த்தார்கள், பிழைத்தது. 36 டிகிரிக்கு ஏற்றினார்கள். சில வகைகள் நின்றுபோயின. அப்படி நின்றவற்றை நுண்ணோக்கியில் வரிசையாகப் படம் பிடித்தார்கள். பொதுவாக உயிர்வாழ்வதற்கான ஏதோ ஒன்று கெட்டிருந்தால், செல்கள் அவையவை இருந்த கட்டத்திலேயே நின்றுவிடும்: சிலவற்றில் மொட்டு இருக்காது, சிலவற்றில் சிறியதாக, சிலவற்றில் பெரியதாக இருக்கும். ஆனால், சில வகைகளில் எந்தக் கட்டத்தில் இருந்த செல்லும் ஒரே உருவத்துக்கு வந்த பிறகுதான் நின்றது. ஒரு வகையில் எல்லாமே பெரிய மொட்டோடு நின்றன. இன்னொன்றில் ஒன்றில்கூட மொட்டு இல்லை. அப்படியானால் பழுதான மரபணு, பிரிதலின் அந்த ஒரு படிக்கு மட்டும் தேவையானது. 1970-ல் முதல் கட்டுரை வந்தது. பிறகு இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களை அவர்கள் அடையாளம் கண்டார்கள். அவற்றில் சிடிசி28 என்ற ஒன்று கெட்டால், செல் பருத்துக்கொண்டே போகும். பிரிதலுக்குள் மட்டும் நுழையாது. தொடக்கத்தையே அந்த மரபணுதான் ஆள்கிறது.

எடின்பரோவில் ஆய்வாளர் பால் நர்ஸ் வேறொரு ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டார். ஆப்பிரிக்கச் சிறுதானிய பீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்த இனம் குச்சிபோல நீண்டு, சுமார் 14 மைக்ரான் நீளம் வந்ததும் நடுவில் இரண்டாகப் பிளக்கும். 1970-களின் நடுவில், ஏறக்குறைய அதில் பாதி நீளத்திலேயே பிளந்துவிடும் குட்டைச் செல்கள் அவர் கண்ணில் பட்டன. அவற்றைக் குறை வளர்ச்சி என்று ஒதுக்கியிருக்கலாம். அவரோ, இந்தச் செல் உரிய நேரத்துக்கு முன்பே பிரிகிறது, அவசரத்தைத் தடுக்கும் ஏதோ ஒன்று இதில் இல்லை என்று புரிந்துகொண்டார். அந்தத் தடுப்புக்கு வீ1 என்று பெயரிடப்பட்டது. அடுத்து சிடிசி2 என்ற மரபணு அகப்பட்டது. அது ஒருவிதமாகப் பழுதானால் பிரிதல் நிற்கிறது. இன்னொருவிதமாக மாறினால் பிரிதல் முந்துகிறது. இரண்டு பக்கமும் மாற்றவல்லது வெறும் உதிரிப் பாகமாக இருக்க முடியாது. பிரிதலின் நேரத்தைத் தீர்மானிப்பது அதுவே. இதற்கிடையில், 1982 கோடையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலுயிர் ஆய்வகத்தில், ஆய்வாளர் டிம் ஹண்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளில் ஒரு புரதத்தைக் கண்டார். ஒவ்வொரு பிரிதலுக்கும் முன்னால் அது சேர்ந்துகொண்டே வந்து, பிரிதலின்போது சட்டென்று அழிந்தது. அதுதான் சைக்ளின்.

எல்லாம் ஒன்றுசேர்ந்தபோது இயக்கம் முழுதாகத் தெரிந்தது. சிடிசி2 மரபணு உண்டாக்கும் புரதம் ஒரு நொதி. மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவது அதன் வேலை. இன்று அதற்கு சிடிகே1 என்று பெயர். சைக்ளின் வந்து சேராதவரை அது வேலை செய்யாது. சேர்ந்த பிறகும் வீ1 அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அடக்கிவைக்கும். சிடிசி25 என்ற இன்னொரு புரதம் அதை நீக்கினால்தான் விடுதலை. விடுதலை பெற்றதும் அது நூற்றுக்கணக்கான புரதங்களை மாற்றுகிறது. குரோமோசோம்கள் சுருண்டு தடித்து, இரு பக்கமும் இழுபடத் தயாராகின்றன. பிறகு சைக்ளின் அழிக்கப்படுகிறது, நொதி அடங்குகிறது, செல் பிரிதலிலிருந்து வெளியேறுகிறது. சைக்ளின் சேருவதும் அழிவதுமாகச் சுழற்சி தொடர்கிறது.

இதெல்லாம் ஈஸ்ட்டோடு முடிந்துபோகிற கதைதானா என்ற ஐயத்தை 1987-ல் நர்ஸும் மெலனி லீயும் தீர்த்துவைத்தார்கள். சிடிசி2 பழுதாகிப் பிரிய முடியாமல் கிடந்த ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுக்களை ஆயிரக்கணக்கில் செலுத்தினார்கள். அவற்றில் ஒன்றைப் பெற்ற செல்கள் மறுபடி பிரியத் தொடங்கின. அந்த மனித மரபணுவைப் படித்துப் பார்த்தால், அது உண்டாக்கும் புரதத்தில் 297 அமினோ அமிலங்கள். ஈஸ்ட்டின் புரதத்திலும் 297. அவற்றில் பத்தில் ஆறுக்கும் மேற்பட்டவை ஒன்றேபோல் அமைந்தவை. நூறு கோடி ஆண்டு அளவில் பிரிந்துபோன இரு உயிர் வழிகளில், பிரிதலை நடத்தும் புரதம் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக இயங்கும் அளவுக்கு மாறாமல் இருந்திருக்கிறது. நிதி ஒதுக்குகிறவர்கள் இதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்தச் சோதனை நடந்தது லண்டனில், பொதுமக்களின் நன்கொடையில் இயங்கிய ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் ஆய்வகத்தில். புற்றுநோய்க்கென்று திரட்டிய பணத்தை ஈஸ்ட்டுக்குக் கொடுக்கும் துணிவு அந்த நிறுவனத்துக்கு இருந்தது. 2001-ன் மருத்துவ நோபல் பரிசு ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் மூவருக்கும் சேர்ந்து கிடைத்தது.

இன்னொரு சோதனை புற்றுநோயின் வேருக்கே போனது. எக்ஸ் கதிர் பட்டு டிஎன்ஏ உடைந்தால் ஈஸ்ட் பிரிவதை நிறுத்திவிட்டுப் பழுதைச் சரிசெய்யும். ரேட்9 என்ற மரபணு இல்லாத ஈஸ்ட் நிற்காமல் பிரிந்து மடியும். அதனால் பழுதுபார்க்கும் திறமைதான் கெட்டுவிட்டது என்று எண்ணத் தோன்றும். டெட் வைனர்ட்டும் ஹார்ட்வெல்லும் 1988-ல் அப்படி எண்ணாமல், அந்தச் செல்களை ஒரு மருந்தால் சிறிது நேரம் பிரியவிடாமல் நிறுத்திவைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. பழுதுபார்க்கும் திறமை அப்படியே இருந்திருக்கிறது; பழுது தீரும்வரை காத்திருக்கச் சொல்லும் புரதம்தான் இல்லை. செல்லுக்குள் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன என்ற கருத்து இங்கேதான் வேரூன்றியது. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களில் இப்படி ஏதோ ஒரு சாவடியாவது செயலிழந்திருக்கிறது என்பது இன்று பாடநூல் செய்தி. இதே தெளிவை நோயாளியின் கட்டியில் தேடியிருந்தால், ஆயிரம் பழுதுகளுக்கு நடுவில் இந்த ஒன்றைத் தனித்துக் காட்டுவது மிகக் கடினமாக இருந்திருக்கும்.

இந்த அறிவு நோயாளிக்கு எட்டியதா? எட்டியது, ஆனால் மெதுவாக, வேறு பலரின் உழைப்போடு. சிடிகே1 இடம்பெறும் சிடிகே குடும்பத்து நொதிகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் தாக்கிய முதல் தலைமுறை மருந்துகள் நச்சுத்தன்மையால் பெரிதும் தோற்றன. சிடிகே4, சிடிகே6 என்ற இரண்டை மட்டும் குறிவைத்த பால்போசிக்லிப், 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கு ஒப்புதல் பெற்றது. பரவிய நிலையில் இருந்தவர்களிடம் வழக்கமான ஹார்மோன் சிகிச்சையோடு இதைச் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் மேலும் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 14.5 மாதங்களிலிருந்து 24.8 மாதங்களாக நீண்டது. இது நோயைக் குணமாக்குவது அல்ல. ஆனால், அந்தப் பத்து மாதங்களின் மதிப்பை நோயாளிகளின் குடும்பங்கள் அறியும்.

மூன்று மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வெற்றிபெற்ற ஈஸ்ட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பயனில்லாமல் போன நூறு ஆராய்ச்சிகளை மறந்துவிடுகிறோம் என்பது முதலாவது. இதில் உண்மை இருக்கிறது. எளிய உயிரியை ஆராய்ந்தாலே பலன் கிடைத்துவிடும் என்று யாராவது வாதிட்டால் அது தவறு. ஆனால், இங்கே சொல்வது எளிமையைப் பற்றி அல்ல, விடையைப் பற்றி. ஆம் அல்லது இல்லை என்று பிரித்துச் சொல்லக்கூடிய சோதனை கையில் இருக்கிறதா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே ஆராய முடியும். ஒரே உருவத்தில் நின்ற செல்களின் படங்கள் 1970-லேயே அந்த நம்பிக்கையைத் தந்தன. அது ஒருமுறை நேர்ந்த அதிர்ஷ்டம் அல்ல என்பதற்கும் சான்று உண்டு: செல்லுக்குள் பொருள்கள் கொண்டுசெல்லப்படும் முறைக்காக 2013-லும், செல் தன் கழிவைத் தானே உட்கொண்டு மறுபயன்படுத்தும் முறைக்காக 2016-லும் வழங்கப்பட்ட மருத்துவ நோபல் பரிசுகளிலும் ஈஸ்ட் சோதனைகளுக்கு முக்கியப் பங்கு இருந்தது.

மனித மரபணுவையே நேரடியாகத் திருத்தும் கிரிஸ்பர் கருவி வந்துவிட்ட பிறகு ஈஸ்ட் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. மனிதரில் சிடிகே குடும்பத்து நொதிகள் சுமார் 20. ஒன்றின் வேலையை இன்னொன்று ஏற்கும். பத்துப் பேர் பரிமாறும் பந்தியில் ஒருவர் நின்றுபோனால் தெரியாது. ஒருவரே பரிமாறினால் உடனே தெரிந்துவிடும். உண்மையில், சிடிகே1 தவிர முக்கியமான மற்ற சிடிகேக்கள் நான்கும் இல்லாத எலிக் கருக்கள்கூடக் கர்ப்பத்தின் பாதிவரை வளர்ந்தன என்று 2007-ல் தெரியவந்தது. 2010-ல் நர்ஸும் டேமியன் குட்ரூஸும் ஈஸ்ட்டின் சைக்ளின் ஒன்றையும் சிடிகேயையும் ஒரே புரதமாக இணைத்து, அதைக் கொண்டே முழுச் சுழற்சியையும் ஓடவைத்துக் காட்டினார்கள். எது அடிப்படை, எது கூடுதல் என்பதை இப்படிப் பிரித்துக் காட்ட எளிய செல் வேண்டும். மேலும், 2015-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈஸ்ட் உயிர்வாழத் தேவையான 400-க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, அந்த இடத்தில் மனித மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி வேலை செய்தன. ஒரு நோயாளியிடம் காணப்படும் மரபணு மாற்றம் தீங்கானதா என்று விரைவாகச் சோதிக்க இது நல்ல களம். ஈஸ்ட்டுக்கு எல்லைகளும் உண்டு. அதில் சிடிகே4 கிடையாது. பிரிதலின் வாசலில் மனிதச் செல்லைத் தடுத்துநிறுத்தும் ஆர்பி என்ற புரதமும் இல்லை. அதே வேலையை அமினோ அமில வரிசையில் தொடர்பே இல்லாத டபிள்யூஎச்ஐ5 என்ற இன்னொரு புரதம் செய்கிறது. ஆகவே, ஈஸ்ட்டில் கண்டதை மனிதச் செல்லில் சரிபார்த்தே தீர வேண்டும். எதைச் சரிபார்ப்பது என்று சொல்லும் தகுதி ஈஸ்ட்டுக்கு இன்னும் இருக்கிறது.

பணக்கார நாடுகள் கண்டுபிடிக்கட்டும், நாம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது மூன்றாவது மறுப்பு. இந்தியாவில் பால்போசிக்லிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்து, நம் நிறுவனங்கள் அதைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை வெகுவாகக் குறைந்தது. இது பெருமைக்குரியது. ஆனால், 2015-க்கும் 2023-க்கும் இடையில் அந்த மருந்து தேவைப்பட்டவர்களில் எத்தனை பேரால் வாங்க முடிந்திருக்கும்? அடிப்படை அறிவு ஆய்விதழ்களில் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதைப் படித்து அடுத்த கேள்வியைக் கேட்கும் பயிற்சிதான் இறக்குமதி செய்ய முடியாதது. அந்தப் பயிற்சிக்கு ஈஸ்ட்டைவிட மலிவான ஆசிரியர் அரிது. சத்தான ஊடகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், நோய் பரப்பும் அபாயம் மிகக் குறைவு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பெட்டியும் நுண்ணோக்கியும் இருந்தால் மாவட்டக் கல்லூரியிலும் ஹார்ட்வெல்லின் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது சுமார் 0.64 சதவீதம். 2023-ல் சட்டமாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிடப்பட்டது. அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. வெளியிலிருந்து வரும் பணம் விற்கக்கூடிய பொருளை நோக்கியே சாயும். அதனாலேயே அரசின் பங்கு வேறு அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டும். விண்ணப்பப் படிவத்தில், இது எந்த நோய்க்கு உதவும் என்று கேட்பதற்கு முன்னால், எந்தச் சோதனை இந்தக் கேள்வியைத் தீர்த்துவைக்கும், அது பொய்த்தால் எப்படித் தெரியவரும் என்று கேட்கட்டும். புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனங்கள், லண்டனில் செய்ததுபோல, தங்கள் நிதியில் ஒரு பங்கை எளிய உயிரிகளுக்கென்று அறிவித்து ஒதுக்கட்டும். அந்தப் பங்கு ஆண்டுதோறும் பயன் கணக்குக் கேட்கப்படாமல், குறைந்தது பத்து ஆண்டுகளாவது நீடிக்கட்டும். செல் பிரிதலை ஆளும் மரபணுவை அடையாளம் கண்டதற்கும் பால்போசிக்லிப் ஒப்புதல் பெற்றதற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்தன. இன்னும் நாற்பது ஆண்டு கழித்து நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படும் மருந்துகளுக்கான முதல் கேள்விகள் இப்போதே கேட்கப்பட வேண்டியவை. அவற்றைக் கேட்கிற இளைஞரிடம் நோயின் பெயரைச் சொல் என்று வற்புறுத்தித் திருப்பி அனுப்புவது, சிக்கனமும் அல்ல, பொறுப்பும் அல்ல.