நண்டையும் படம் பிடிப்போமே!

நான் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் வசிக்கும் இல்லத்தரசி. முகத்துவாரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் வீடு. மகன் புது செல்போன் வாங்கியதும் பழையதை எனக்குத் தந்தான். கோலம், கல்யாண வீடு, பேரன் பிறந்தநாள் என்று எல்லாரையும் போல நானும் படம் எடுத்துக் கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை, மணலில் படர்ந்த அடப்பங்கொடியில் ஊதாப் பூ பூத்திருந்தது. பக்கத்து வளையிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. ஆசையாக எடுத்தேன். அதுவே பழக்கமாகி, கொக்கு, நத்தை, ராவணன் மீசைப் புல், ஆற்றோரம் என்று தினம் ஒரு படமாவது எடுப்பேன். "ஊரே நண்டைக் குழம்பு வைக்குது, இவ போட்டோ புடிக்கிறா!" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

2023 டிசம்பரில் அந்தக் கேலி நின்றது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்துப் போயின. கூழைக்கடாக்கள் எண்ணெயில் ஊறித் தவித்ததைப் பார்த்து மனசு பதறியது. அப்போது விசாரிக்க வந்த ஒருவர், "இந்த ஆறு முன்னாடியும் இப்படித்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டார். எங்கள் ஆட்களுக்கு வந்ததே கோபம்! நான் பேசாமல் செல்போனை நீட்டினேன். அதே கரை, பச்சை மாறாத செடி, வெள்ளைக் கொக்கு. படத்திலேயே அக்டோபர் மாதத் தேதி இருந்தது. மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை.

2017 ஜனவரி 28-ல் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, வாளியால் அள்ளியதை நேரில் பார்த்தவள் நான். ஆனால் அதற்கு முந்தைய கரையின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு.

இன்னொரு விஷயம். எங்கள் ஆற்றின் அடியில் 'காக்கா ஆழி' என்ற சிப்பி பாய் விரித்தது போல் பரவி, இறாலுக்கு இடமில்லாமல் செய்கிறது. அதை நான் எடுத்த படத்தை மகள் 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் போட்டாள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த சிப்பி என்று முகம் தெரியாத யாரோ பதில் சொன்னார்கள். படிக்காத நானும் ஒரு தகவல் கொடுத்தேனே என்று பெருமையாக இருந்தது.

செடி கொடிகளின் பெயரை என் மாமியாரிடம் கேட்டு, அவர் குரலையும் பதிவு செய்து வைக்கிறேன். அவருக்குப் பிறகு அந்தப் பெயர்களை யார் சொல்லுவார்கள்?

ஒன்றே ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிடக் கரையேறும். அப்போது வெளிச்சம் அடித்துப் படம் எடுக்காதீர்கள்; மிரண்டு திரும்பிவிடும். வளையைத் தோண்டி நண்டை இழுத்துப் போடுவதும் வேண்டாம்.

தோழிகளே, உங்கள் ஊரில் ஏரி இருக்கலாம், வயல் இருக்கலாம், தெருமுனையில் ஒரு வேப்பமரமாவது இருக்கும். மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது வந்து, "இங்கே ஒண்ணுமே இல்லையே!" என்று சொன்னால், எடுத்துக் காட்டலாம் அல்லவா?

- ஒரு வாசகி, நெட்டுக்குப்பம், சென்னை.